மரத்தரையில் நிறுத்திய ஸ்கோப்

மரத்தரையில் ட்ரைபாடை நிறுத்தாமல் இருப்பதே நல்லது. வேறு இடமில்லை என்றால் அதன் மூன்று கால்களையும் முழுக்க நீட்டாதீர்கள். தாழ்வாக, அகலமாக விரித்து வைத்து, பக்கத்தில் நீங்களும் தரையிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். கடையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. கெட்டுப்போன படங்களைப் பார்த்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது.

"உங்க வார்த்தையிலேயே எழுதுங்க. முதல்லேருந்து எழுதுங்க" என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள், மேடம். முதல் என்பது எது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தம்பி பிறந்ததிலிருந்தா, ஸ்கோப் வாங்கியதிலிருந்தா? ஸ்கோப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பற்றி எழுதும்போது எனக்குத் தடுமாற்றம் வராது.

ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. எங்களுடையது அறுபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஏரியின் அக்கரையில் நிற்கும் பறவையின் கண்ணைச் சுற்றி இருக்கும் மஞ்சள் வளையத்தை இக்கரையில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். நாம் கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வளையத்தைப் பூட்டி அதில் கேமராவை மாட்டினால், அதையே படமாகவும் எடுக்கலாம். கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் பறவையை அறுபது மடங்காக்கும் குழாய் ஆட்டத்தையும் அறுபது மடங்காக்கும். பக்கத்தில் ஒருவர் தும்மினால் பறவை படத்தை விட்டே வெளியே போய்விடும்.

ஆட்டம் எனக்குப் பிடிக்காது. அது என் தொழிலோடு வந்த குணம். இருபத்தாறு வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே அறையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். "மூச்சை இழுங்க. அப்படியே நிறுத்துங்க. ம், விடுங்க." இதை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். பெரிய அதிகாரி வந்தாலும் சரி, மூட்டை தூக்குபவர் வந்தாலும் சரி, நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். "எங்க அண்ணன் கண்ணசைச்சா ஊரே மூச்சு விடாது" என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

தம்பி என்னைவிடப் பதினொரு வயது இளையவன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது அவன் வேலை. மீட்டரைப் படித்தானோ இல்லையோ, எந்த வீட்டு மரத்தில் எது கூடு கட்டியிருக்கிறது, எந்தக் கழிவுநீர்க் குட்டையில் புதிதாக எது வந்து இறங்கியிருக்கிறது என்பதையெல்லாம் சாப்பிடும்போது வந்து ஒப்பிப்பான். பறவைப் பைத்தியம் அவனிடமிருந்துதான் எனக்குத் தொற்றியது. கீழ்வீட்டில் அவனும் அவன் மனைவியும், மாடி அறையில் நான். எனக்குக் குடும்பம் இல்லை, தனிக்கட்டை. சாப்பாடு கீழேதான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எனக்குப் படை எதுவும் இல்லை, தம்பி மட்டும் இருந்தான்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அவன் நெஞ்சைப் பதினாறு தடவை நானே எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். அவனுடைய நுரையீரல் எவ்வளவு தூரம் உப்பும், எங்கே போய் முட்டும் என்பதெல்லாம் அவன் முகம் எனக்குத் தெரிகிற மாதிரியே தெரியும். அதனால் விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

நாங்கள் போகும் இடத்தை நீங்களே வந்து பார்த்தீர்கள். ஏரி ஓரமாகத் தண்ணீருக்குள் மரக்கால்கள் நட்டு, அதன்மேல் கட்டிய சின்ன மரக்குடில். உள்ளே ஒரு பெஞ்சு. ஆள் நின்று பார்க்க மேலே நீளமாக ஒரு திறப்பு, குழந்தைகள் பார்க்கக் கீழே ஒரு திறப்பு. பறவைக்கு நம்மைத் தெரியாது, நமக்குப் பறவை தெரியும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான், தரையைத் தவிர. ஒருவர் காலை மாற்றி வைத்தால்கூட அந்தப் பலகை முழுக்கச் சொல்லிவிடும்.

ஒவ்வொரு ஆட்டமாகப் பிடித்து அடக்கினேன். முதலில் கேமராவின் கனம். ஸ்கோப் முன்னே, கேமரா பின்னே என்பதால் வால் கனத்து மூக்கு தூக்கும். ஒரு பட்டறையில் நீளமான அலுமினியப் பட்டை வெட்டி வாங்கி, ஸ்கோப்பையும் கேமராவையும் ஒன்றாக அதன்மேல் முடுக்கினேன். பட்டையை ஒரு பென்சிலின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் சாயாத புள்ளியைக் கண்டுபிடித்து, அந்தப் புள்ளியில் ட்ரைபாடில் பூட்டினேன். கேமராவின் அடியிலிருந்து ட்ரைபாடின் ஒரு காலுக்குச் சாய்வாக ஒரு கம்பி கொடுத்தேன். எக்ஸ்ரே அறையில் நாங்கள் மாட்டிக்கொள்ளும் ஈய மேலங்கி ஒன்று கிழிந்து கழிவுக்குப் போகவிருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து ஸ்கோப்பின் மேல் போர்த்தினேன். அந்தக் கனத்தில் குழாய் குளிர்காலத்துக் குழந்தை மாதிரி அடங்கிப் படுத்தது. விரலால் பொத்தானை அழுத்துவதை விட்டுவிட்டு ரிமோட் வாங்கினேன். ரிமோட்டை அழுத்தியதிலிருந்து இரண்டு விநாடி கழித்து எடுக்கும்படி வைத்தேன். மிச்சம் இருந்தது காற்று. கீழ்த் திறப்பில் சாக்கைத் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் மூக்கு வெளியே தெரிய ஓட்டை போட்டேன்.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பான்.

"அண்ணே, இவ்ளோ கஷ்டப்படறதுக்கு அந்தப் பறவையையே உன் எக்ஸ்ரே ரூமுக்குக் கூட்டிட்டு வந்துடலாம். நீ நிறுத்துன்னா அது நிறுத்திடப் போவுது."

நானும் சிரித்தேன். அவன் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் படத்தில் பறவையின் கண் இரண்டாகத் தெரிந்தது. மிக மெல்லிய ஆட்டம், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஒரு நாள் ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ட்ரைபாடின் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் அசைந்தால் தண்ணீரில் வளையம் வந்தது. ஏரி வாட்ச்மேன் படியேறினால் வந்தது. பிறகு வாட்ச்மேனும் போய்விட்டார், நானும் அசையவில்லை. அப்போதும் வளையம் வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்துமாக்காரர்கள் மூக்கால் மட்டும் மூச்சு விடுவதில்லை, உடம்பு முழுவதாலும் விடுவார்கள். தோள் ஏறி இறங்கும். அதோடு பெஞ்சு, பெஞ்சோடு பலகை, பலகையோடு என் ஸ்கோப்.

இன்ஹேலர் அடித்தால் மூச்சு அடங்கும். ஆனால் அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அடித்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு விரல்கள் நடுங்கும். எனக்குக் கண்ணில் புரை ஆரம்பித்திருந்ததால் ஸ்கோப்பின் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்புவது அவன் வேலையாக இருந்தது. அடிக்காவிட்டால் மூச்சின் ஆட்டம், அடித்தால் விரலின் ஆட்டம். இருதலைக் கொள்ளி எறும்பாக நான் நடுவில் இருந்தேன்.

யோசித்து ஒரு முறை வகுத்தேன். முதலில் ஃபோகஸ் செய்துவிட வேண்டும், பிறகு இன்ஹேலர். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இன்ஹேலர் சீறும் சத்தமும் அதற்குப் பிறகு வரும் இருமலும் பறவையை விரட்டிவிடும் என்று இரண்டு மூன்று தடவையில் தெரிந்தது. அதனால் முறையைக் கொஞ்சம் மாற்றினேன். முதலில் ஃபோகஸ், பிறகு படம், பிறகு இன்ஹேலர். குடிலுக்குள் பேசக் கூடாது என்பதால் சைகை வைத்துக்கொண்டோம். நான் ஒரு விரலைக் காட்டினால் பொறு என்று பொருள். உள்ளங்கையை விரித்தால் இனி அடித்துக்கொள்ளலாம்.

இன்ஹேலர் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அது என் ஏற்பாடு இல்லை. தம்பி மனைவி கிளம்பும்போது என் கையில்தான் கொடுப்பாள்.

"பம்ப் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. இவரு கொண்டுபோன குடையையே திருப்பிக் கொண்டு வந்ததில்ல."

முதலில் மூன்று நிமிடம் பொறுத்தான். பிறகு ஐந்து. மழைக்கு முந்தைய வாரம் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றபோது பத்து நிமிடம் பொறுத்தான். நான் உள்ளங்கையை விரித்தபோது அவன் உதடு கொஞ்சம் நிறம் மாறியிருந்தது. நான்கு தடவை அடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பேச்சு வந்ததும் சொன்னான்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்னையே சட்டம் போட்டு மாட்டியிருப்ப."

அன்றைய படம் நன்றாக வந்தது. இறகின் நுனியில் தொங்கிய தண்ணீர்த் துளிக்குள் வானம் தெரிந்தது. அதைக் காட்டியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேறொருவராக இருந்தால் அன்றைக்கே பயந்திருப்பார்கள். அவனால் பத்து நிமிடம் தாங்க முடியும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாட்ச்மேன் அறையில் மாட்டினார்கள். கீழே தம்பியின் பெயரை எழுதியிருந்தார்கள். பறவையைக் கண்டுபிடிப்பவன் அவன், வருகிறவர்களுடன் பேசிச் சிரிப்பவன் அவன், அதனால் அவன் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். என்னை ஸ்கோப்காரர் என்பார்கள். தம்பி அவர்களிடம் போய் என் பெயரையும் எழுதச் சொன்னானாம். வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. நீங்கள் நேற்று பொறாமை என்றீர்கள். அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்குப் படம்தான் முக்கியம், பெயர் இல்லை.

கோபம் என்று வேண்டுமானால் எழுதலாம், ஒரு தடவை வந்தது. தம்பி தன் பைனாகுலர் பைக்குள் இன்னொரு இன்ஹேலரை வைத்திருந்தான். ஒரு நாள் நான் விரலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் எனக்குப் பின்னால் திரும்பி நின்று அதை அடித்துக்கொண்டான். பறவை போய்விட்டது. "சாரிண்ணே, முடியல" என்றான். இருபத்தாறு வருடத்தில் எந்த நோயாளி மேலும் வராத கோபம் எனக்கு அன்று வந்தது. ஒரு குழந்தை அசைந்தால்கூட நான் பொறுமையாக இன்னொரு தடவை எடுப்பேன். இவன் குழந்தை இல்லை, எனக்கு எது முக்கியம் என்று தெரிந்தவன்.

அடுத்த தடவை போனபோது, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவன் வாட்ச்மேனோடு பேசப் போன நேரத்தில், அந்த இன்ஹேலரை அவன் பையிலிருந்து எடுத்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அவனிடம் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தேன். திரும்பி வரும்போது பையில் வைத்துவிடுவேன். மறதியால் நடந்தது இல்லை என்று தெரிவதற்காக இதை எழுதுகிறேன்.

இனி அந்த நாள்.

கருங்குருகு என்று ஒரு பறவை. கொக்கு இனம்தான், ஆனால் கறுப்பு. கழுத்தின் பக்கவாட்டில் மட்டும் மஞ்சள் தீட்டியிருக்கும். நாணலுக்குள் இருந்துகொண்டு வெளியே தலை காட்டாது. தம்பி நான்கு வருடமாக அதைத் தேடினான். அந்த வாரம் அக்கரையில், தண்ணீரில் நட்டிருந்த ஒரு பழைய கழியின் மேல் மூன்று நாள் தொடர்ந்து காலை ஒன்பது மணிக்கு அது வந்து நின்றதை அவனே பார்த்துவிட்டு வந்தான். சொல்லும்போது அவன் சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது அவன் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேணாம் மாமா. ராத்திரி பூரா இழுத்துட்டே இருந்தாரு. ஏரிப் பக்கம் காஞ்ச புல்லு வேற கொளுத்துறாங்களாம்."

"அந்தக் குருகு என்ன எனக்காக லீவு சொல்லிட்டு இன்னொரு நாள் வருமா?" என்றான் தம்பி. போகலாம் என்று சொன்னவன் அவன்தான்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "நான் இருக்கேன்ல" என்றேன். இன்ஹேலரை என் கையில் கொடுத்தாள்.

குடிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ட்ரைபாடை விரித்து, பட்டையைப் பூட்டி, ஈய அங்கியைப் போர்த்தி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தம்பி கழியின் தலையில் ஃபோகஸ் செய்தான். கழி பிளந்திருந்த இடத்தில் இருந்த ஒரு சிலந்தி நூல்கூடக் கேமராத் திரையில் தெரிந்தது. அவ்வளவு துல்லியமாகச் செய்துவிட்டான். அதற்கு மேல் அங்கே அவனுக்கு வேலை இல்லை. அவனை வெளியே அனுப்பியிருக்கலாம், வாட்ச்மேன் அறையில் போய் உட்காரச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அவனுக்கும் பறவையைப் பார்க்க ஆசை.

ஒன்பது ஏழுக்குக் குருகு வந்தது. நின்றுகொண்டிருந்த தம்பி மேல் திறப்பின் வழியே பைனாகுலரில் அதைப் பார்த்தான். என் தோளைப் பிடித்து அழுத்தினான். அதில் ஸ்கோப் ஆடியது. உடனே கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. குனிந்து என் சட்டைப் பையைக் காட்டினான். நான் ஒரு விரலைக் காட்டினேன். தலையாட்டினான்.

டம்ளரில் வளையம் வந்தது. முதல் ஐந்து படமும் ஆடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நிற்கிறவனை விட உட்கார்ந்தவன் குறைவாக ஆடுவான் என்பதால் தரையில் உட்காரும்படி கையைக் காட்டினேன். உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தன்னால் முடிந்தவரை அசையாமல் மூச்சுவிடப் பார்த்தான். கடைசிவரை அவன் எனக்கு உதவிதான் செய்தான், மேடம்.

"அண்ணே" என்றான் ஒரு தடவை. மெதுவாகத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, போதும்" என்றான். நான் திரும்பாமல் விரலை உயர்த்திக் காட்டினேன். அவன் இரண்டு தடவை பலகையைத் தட்டினான். பிறகு தட்டவில்லை.

அவன் கைக்கும் என் சட்டைப் பைக்கும் நடுவில் இரண்டு முழம் இருக்கும். எட்டிப் பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டீர்கள். என்னிடம் பயம் இல்லை அவனுக்கு. பிடுங்கினால் படம் ஆடிவிடும். அவனுக்கு அதைப் பழக்கியது நான்தான்.

விசில் சத்தம் குறைந்தது. மூச்சுத் திணறுகிறவருக்குச் சத்தம் குறைந்தால் சரியாகிவிட்டது என்று வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருப்பவன். காற்று போய் வந்தால்தானே விசில் வரும். சத்தமே வராத நெஞ்சுக்கு டாக்டர்கள் எப்படி ஓடுவார்கள் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் டம்ளரைப் பார்த்தேன். வளையம் சின்னதாகி, இடைவெளி விட்டு விட்டு வந்து, நின்றது. தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது.

கடைசிப் படம் ஒன்பது இருபத்தொன்றுக்கு. பிறகு திரும்பினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, என் கையைப் பார்த்தபடி. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஸ்கோப்பின் மூடியைப் போட்டேன். கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தேன், அங்கியை மடித்தேன். எதையும் அவசரமாகக் கழற்றினால் திருகுமரை தேய்ந்துவிடும். இன்ஹேலரை அவன் கையில் வைத்து விரல்களை மூடினேன். ஒன்பது நாற்பதுக்கு வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன். இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை என்றேன். வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

தம்பி மனைவியிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்த இன்ஹேலரின் முதுகில் மிச்சம் எத்தனை தடவை அடிக்கலாம் என்று ஒரு சின்ன எண் தெரியும். தினமும் காலையில் அந்த எண்ணைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பாள். தீர்ந்துபோவதற்கு முன்னால் வாங்க வேண்டுமே என்பதற்காக. அது எனக்குத் தெரியாது. தினமும் அந்தச் சமையலறையில்தான் சாப்பிட்டேன், காலண்டரைப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் அவள் மாடிக்கு ஏறி வந்தாள். இன்ஹேலரை என் மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, அன்னிக்குக் காலையில எண்பத்தாறு. இப்பவும் எண்பத்தாறுதான் இருக்கு."

"எண்ணு காட்டறது கெட்டுப் போயிருக்கும்மா" என்றேன்.

அவள் அதைக் கையில் எடுத்து, என் முன்னாலேயே, வெறும் காற்றில் ஒரு தடவை அழுத்தினாள். திருப்பிக் காட்டினாள். எண்பத்தைந்து. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

உங்களிடம் முதல் நாள் நான் சொன்னது இதுதான். பறவை நிற்கும்வரை என்னால் அசைய முடியாது, அது பறந்ததும் திரும்பினேன், அதற்குள் முடிந்துவிட்டது. அப்படிச் சொன்னபோது எனக்கே அது உண்மையாகத்தான் இருந்தது. நான்கு வருடம் தேடிய பறவை, தம்பியே பார்க்க ஆசைப்பட்ட பறவை, அவனுக்காகத்தானே எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ஐந்து நாளும் தூங்கினேன்.

நேற்று அந்த நாற்பத்திரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டிக் காட்டினீர்கள். பதினொன்று வரை குருகு இருந்தது. பன்னிரண்டிலிருந்து கழி மட்டும்தான் இருந்தது.

"பறவை எங்க?" என்று கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன்.

பறவை பறந்தது எனக்குத் தெரியும். சிறகை விரித்ததையும், இடது பக்கமாக நாணலுக்குள் போனதையும் பார்த்தேன். எனக்கு ஏமாற்றமாக இல்லை. கழி அங்கேயே இருந்தது. பிளந்த தலை, அதில் சிலந்தி நூல், நூலில் ஒரு துளி. முன்னைவிடக் குறைவாக ஆடியது. இன்னொன்று எடுத்தேன். அது இன்னும் குறைவாக ஆடியது. இன்னொன்று எடுத்தேன். "அண்ணே, போதும்" என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான். நான் விரலை உயர்த்தியதும் அப்போதுதான்.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். மேல் திறப்பு அவன் தலைக்கு எட்டாத உயரம், கீழ்த் திறப்பில் என் சாக்கு. அவனுக்கு வெளியே எதுவும் தெரிந்திருக்காது. குருகு இன்னும் நிற்கிறது என்று நம்பித்தான் பொறுத்துக்கொண்டிருந்தான்.

நான்தான் கொன்றேன். எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். வழக்கு முடிந்த பிறகு அந்த முப்பத்தொரு படங்களையும் யாரும் வெறும் கழிதானே என்று அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேடம். அதில் கடைசி இருபதும் துளிகூட ஆடவில்லை.